கப்பல் தரிக்கும் ஒரு பகல்

உல்லாசக் கப்பலிற் செல்வோர் பொருள் கொடுத்துப் பெறுவன இரண்டு. ஒன்று, கடலின்மேற் கழியும் இரவுகள். மற்றொன்று, துறைமுகங்களிற் கழியும் பகல்கள். முன்னது தன்பாட்டிலே நடந்துவிடும். உணவும் உறக்கமும் ஆடலும் பாடலும் கப்பற்காரரின் பொறுப்பு. பின்னதோ பயணியின் பொறுப்பாகும். காலை எட்டு மணிக்குக் கரை சேர்ந்து மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பல், பத்து மணி நேரத்தை அவர் கையிலே கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றது. அந்நேரத்தை எவ்வாறு செலவிடுவது என்பது சிறிய கேள்வி போலத் தோன்றலாம். ஆயின் சிலருக்கு அது வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கும் பகலாகவும் அமைந்துவிடும்.

இத்தகைய பயணங்கள் பெருந்தொழிலாக வளர்ந்த இடம் கரிபியன் கடல். 1990ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிலே கட்டி முடிக்கப்பட்ட 'நோர்டிக் எம்பிரஸ்' என்னுங் கப்பல், அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து பகாமாத் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாட் பயணங்கள் செல்வதற்கென்றே வகுக்கப்பட்டது. பெயர்கள் சில மாறி, 2017 முதல் 2019 வரை கியூபாவின் அவானா நகருக்குஞ் சென்று வந்த இக்கப்பலை, 2020ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் கம்பெனியொன்று வாங்கிற்று. 2023 ஜூன் மாதத்தில், 'எம்பிரஸ்' என்ற பெயருடன் அதே கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டைக்கு வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்னும் மூன்று இலங்கைத் துறைகளும் அதன் பயணத்தில் இடம்பெற்றன. கரிபியன் தீவுகளின் பயணிகள் பல்லாண்டு பழகித் தெளிந்த சில பாடங்கள் தமிழருக்கும் வேண்டியனவாயின.

முதற்பாடம் கழித்தற் கணக்கு. பத்து மணி நேரம் என்று அச்சிட்ட தாளிலே காணப்படுவது பயணியின் நேரமன்று. கப்பல் கட்டப்பட்டு, அதிகாரிகள் ஏறி இறங்கி, ஏணிப்படி திறக்கப்படுவதற்கு ஒரு மணி நேரம் செல்லும். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறங்குவதாயின் வரிசை மேலும் நீளும். கப்பல் துறைமேடையை அணையாது ஆழ்கடலில் நங்கூரமிடும் இடங்களில், சிறு படகுகளிலே பகுதி பகுதியாகக் கரைக்குக் கொண்டு செல்வர். கரிபியனிற் கிராண்ட் கேமன் தீவின் ஜோர்ஜ் டவுன் துறையில் இதுவே வழக்கம். மாலையிலும், புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பாகவே அனைவரும் ஏறிவிடல் வேண்டும். வழியிற் சில்லுக் காற்றுப் போதல், மழை, வாகன நெரிசல் ஆகியவற்றுக்கென இன்னும் ஒரு மணி ஒதுக்குக. எஞ்சுவது ஏழு மணி. இந்த ஏழு மணியிலே போகவும் வரவும் செல்லும் நேரத்தைக் கழித்தபின் மிஞ்சுவதே அப்பகலின் உண்மையான பெறுமதி.

மற்றொரு நுட்பமும் உண்டு. கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் எப்போதும் ஒன்றல்ல. மெக்சிக்கோவின் கொசுமெல் தீவிற் கோடைக்காலத்தில் உள்ளூர் நேரம் புளோரிடா நேரத்துக்கு ஒரு மணி பிந்தியிருக்கும். புளோரிடாவிலிருந்து வரும் கப்பல்கள் பெரும்பாலும் தம் பழைய நேரத்தையே வைத்திருக்கும். கரைக் கடிகாரத்தை நம்பி அமைதியாக மீன் உண்டவர், தம் கப்பல் தொடுவானத்தை நோக்கிச் செல்வதைக் கரையில் நின்று காண்பார். சென்னையிலிருந்து இலங்கைக்கு வருவோருக்கு இத்தொல்லை இல்லை. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

கப்பற்காரர் தாமே ஏற்பாடு செய்யும் உலாவிற் சென்றவர் தாமதித்தால், கப்பல் காத்திருக்கும், அல்லது அவரை அடுத்த துறைக்கு அனுப்பும் வழியைக் கப்பற்காரர் பார்ப்பர். தாமாகவே வண்டி பிடித்துச் சென்றவருக்கு அந்தக் காப்பு இல்லை. அதற்காகத் தனியே செல்லலாகாது என்பதன்று. கூட்டத்தோடு செல்பவர் கூட்டம் காண்பதையே காண்பார். தனியே செல்பவர், கடவுச்சீட்டையோ அதன் படியையோ உடன் வைத்துக்கொண்டு, துறைமுகத்திலுள்ள கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வாராக.

துறைமுகப் பகலை நன்கு பயன்படுத்தியோர் இலங்கையின் வரலாற்றிலேயே உளர். கொழும்பின் தென்மேல் அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது எழுந்தபின், அதுவரை காலித் துறையை நாடிய பெருங்கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் ஓடிய நீராவிக் கப்பல்கள் இங்கே நிலக்கரி ஏற்றின. கரி ஏற்றும்போது தூசி கப்பலெங்கும் படியும் ஆதலால், பயணிகள் இறங்கிச் செல்வதையே விரும்பினர். துறைமுகத்துக்கு எதிரேயிருந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இவர்களாலேயே செழித்தது.

1890 நவம்பர் மாதத்தில், சகாலின் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் கொழும்பில் இறங்கினார். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்று நாள். அதற்குள் புகையிரதமேறிக் கண்டியைக் கண்டு திரும்பினார். சகாலினிலே கைதிகளின் துன்பத்தைக் கண்டு வந்தவருக்கு இலங்கை சுவர்க்கமாகத் தோன்றிற்று. ஆயினும் துறைமுகக் கடைத்தெருவின் வழக்கமான வலையில் அவரும் சிக்கினார். கீரி என்று நம்பி அவர் வாங்கிச் சென்ற பிராணிகளுள் ஒன்று மரநாய் என்பது பின்னரே தெரிந்தது. வைத்தியம் படித்தவருக்கே இந்நிலை என்றால், துறைமுக வாயிலில் 'நீலக்கல்' என்று விற்கப்படுவதை வாங்குவோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1890ஆம் ஆண்டில் வேறொருவரும் கொழும்பில் இறங்கினார். அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட கிளாஸ்கோ நகர மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் அவர். கோப்பிப் பயிர் நோயினால் அழிந்து, தோட்டங்கள் மலிவாக விலைப்பட்ட காலம் அது. அவர் மலைநாட்டுக்குச் சென்று ஊவாவிலே தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அப்பாலுள்ள தம்பத்தென்னை அவற்றுள் ஒன்று. ஒரு பயணி இடைத்துறையொன்றில் இறங்கியதனால் ஒரு மாகாணத்தின் பெயர் உலகெங்கும் தேயிலைப் பொதிகளிலே பரவியதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அத்தோட்டங்களிற் கொழுந்து கொய்தவர்களும் கப்பலேறி வந்தவர்களே. ஆனால் அவர்கள் துறையில் இறங்கியது வேடிக்கை பார்ப்பதற்கன்று.

இனி, மூன்று துறைகளையும் நோக்குவோம். காங்கேசன்துறையில் இறங்குபவருக்குக் கணக்கு எளிது. கீரிமலைக் கேணியும் நகுலேசுவரமும் மாவிட்டபுரமும் அண்மையிலேயே உள்ளன. யாழ்ப்பாண நகரும் நல்லூரும் இருபது கிலோமீற்றர் அளவிலுள்ளன. திருகோணமலையிற் கோணேசர் கோயில் நகரின் கடலோரப் பாறைமீதே நிற்கின்றது. இவ்விரு துறைகளிலும் பயணி அவசரப்பட வேண்டியதில்லை.

அம்பாந்தோட்டையே சிந்தித்தற்குரியது. 2010ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இப்புதிய துறைமுகத்தைச் சூழ்ந்து காண்பதற்கு அதிகமில்லை என்பது பலர் எண்ணம். உப்பளங்களும், 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வூல்வ் உலாவிய பழைய ஊரும், பறவைகள் திரளும் புந்தல வனமும் அருகிலுள்ளன. அவற்றைக் கடந்து மூன்று பாதைகள் பயணியை அழைக்கும்.

ஒன்று கதிர்காமம். திஸ்ஸமஹாராமை வழியாக ஏறக்குறைய ஒன்றேகால் மணியில் அடையலாம். மாணிக்க கங்கையில் நீராடி, திரைச்சீலைக்கு முன்னே நின்று வழிபடுதல் அத்தலத்தின் மரபு. கருவறையிலே திருவுருவத்தைக் காணலாம் என்று தமிழகக் கோயில்களை நினைத்து வருவோர் முன்னரே இதனை அறிந்திருத்தல் நன்று. இன்றேல் ஏமாற்றமடைந்து திரும்புவர். முற்பகற் பூசையின் நேரத்தை விசாரித்துக்கொண்டு புறப்படுவது புத்தி. ஆடி மாதத் திருவிழாக் காலத்தில் இக்கணக்கெல்லாம் பொய்த்துவிடும். அந்நாட்களில் ஊருக்குள் வண்டி நகர்வதே அரிது.

மற்றொன்று வடக்கே வெல்லவாய செல்லும் பாதை. எண்பது கிலோமீற்றர் அளவில் அவ்வூரும், அதன் அருகே புதுருவகலையும் உள்ளன. அங்கே ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் நிற்கும் புத்தர் சிலையின் உயரம் 50 அடிக்கு மேல். மகாயான பௌத்தம் இத்தீவிற் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தின் சின்னம் இது. கூட்டம் மிகக் குறைவு. ஏழு மணி நேரக் கணக்கிலே வசதியாக அடங்குவது.

மூன்றாவது, வெல்லவாயவிலிருந்து மலையேறி எல்ல வரை செல்வது. இராவணா நீர்வீழ்ச்சி வழியிலேயே காணப்படும். 1921ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும் எல்லவுக்கு அருகே உள்ளது. போக மட்டும் இரண்டரை மணிக்குமேல் ஆகும். பகல் முழுவதும் வண்டியிலிருந்து, பாலத்தடியில் அரை மணி நிற்பதற்குச் செல்வது விவேகமாகாது. மலைப்பாதையிற் சாரதியை விரட்டுவதோ அதனினும் தீது. பசறை 13ஆம் கட்டையருகே 2021 மார்ச்சில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை ஊவாவில் எவரும் மறந்திலர். கப்பல் பிந்திவிடும் என்ற அச்சத்தோடு இறக்கத்தில் இறங்கும் வண்டி, எவரும் ஏறத்தகாத வண்டி.

அருகிலிருப்பதை அறியாது தொலைவிலுள்ளதற்கு ஓடுவது கரிபியனிலும் நிகழ்வதே. குவாதலூப் தீவின் புவந்த்-அ-பித்ர் துறையில் இறங்கும் பயணிகளுட் பெரும்பாலோர் கடற்கரைக்குச் செல்வர். அங்கிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், கப்பெஸ்தேர் என்னும் ஊரின் எல்லையில், சாங்கி என்னுமிடத்தில் வண்ணக் கோபுரத்துடன் ஓர் அம்மன் கோயில் நிற்கின்றது. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரின் முதற்கூட்டத்தை அத்தீவிலே இறக்கிற்று. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோருட் கணிசமானோர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து சென்ற தமிழர். அவ்வூரிற் பிறந்த அன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வழியினருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டென்று 1904 முதல் 1923 வரை வழக்காடினார். இப்பெயரைக் காதாற் கேட்கும் தமிழ்ப் பயணி, அன்று கடற்குளியலைத் தவிர்த்தால் இழப்பொன்றுமில்லை.

இந்த வழக்கின் சாயல் ஊவா மலைத்தோட்டங்களிலுள்ளோருக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இற் பாதிபாதியாகத் தீர்க்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பல் 1984ஆம் ஆண்டுவரை இம்மக்களைச் சுமந்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. நாடற்றோர் என எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் இறுதிச் சட்டம் இலங்கையில் 2003இலேதான் நிறைவேறிற்று. சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் பிற ஊர்களிலும் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் சென்னையிலே கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்குகிறார் என்று கொள்வோம். அவருக்குப் பாலமும் வேண்டாம், நீர்வீழ்ச்சியும் வேண்டாம். பாட்டி பிறந்த மடுல்சீமைத் தோட்டத்தைக் காண வேண்டும். அங்கேயுள்ள உறவினரைக் காண வேண்டும்.

படத்திலே பார்த்தால் மடுல்சீமை தொலைவன்று. கணக்கோ வேறு சொல்லும். வெல்லவாய வரை ஏறக்குறைய இரண்டு மணி. அங்கிருந்து எல்லவுக்கு முக்கால் மணி. பதுளைக்கு மேலும் முக்கால் மணி. பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதை. எல்லாங் கூட்டினால் ஒரு வழிக்கு ஐந்து மணி அளவாகும். கச்சான் காலத்து வெயிலிற் பாதை காய்ந்திருக்கும்போதே இப்படி. மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. கப்பற் பயணி ஒரு பகலில் மடுல்சீமைக்குச் சென்று திரும்புதல் இயலாது. இதனை மழுப்பிச் சொல்லும் வண்டிக்காரரும் உளர்; அவர் பேச்சை நம்பலாகாது. தோட்டத்தையே காண விரும்புவோர் வேறொரு முறை விமானத்தில் வந்து, நான்கு நாளேனும் தங்கிச் செல்லும் வகையில் ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும்.

ஆயின் தோட்டத்தைக் காணுதலும் உறவினரைக் காணுதலும் ஒன்றல்ல. இடம் அசையாது, மனிதர் அசைவர். மடுல்சீமை மக்கள் ஆண்டுதோறும் கதிர்காமம் செல்பவர்கள்; அவ்வழி அவர்களுக்குப் பழகியது. பசறை, பதுளை, எல்ல, வெல்லவாய, புத்தல வழியாக ஐந்து மணிக்குள் அங்கே வந்து சேர்வர். கப்பலில் வருபவருக்கோ அது ஒன்றேகால் மணித் தொலைவு. இரு சாராரும் சந்திப்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் ஊவாவில் இல்லை.

இதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும். முதலிலே உறவினரைக் கண்டறிதல். தாயகம் திரும்பியோரின் பழைய பத்திரங்களிலே தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும். பாட்டி சொல்லிவந்ததோ தொழிலாளரிடை வழங்கிய தமிழ்ப் பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருப்பதுண்டு. ஆதலால் இரண்டையும் எழுதுவதோடு, டிவிசனின் பெயரையும், கங்காணியின் பெயரையும், லயத்தின் அருகேயிருந்த கோயிலையும் குறிப்பிடுதல் நலம். தோட்டக் காரியாலயத்துச் செக்ரோலில் அகப்படாத பெயர், சிலபோது பாடசாலையின் பழைய மாணவர் சேர்விடாப்பில் அகப்படும். கடிதம் எழுதுவோர் அதிபருக்கும் ஒரு படி அனுப்பலாம். இவையெல்லாம் சில மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியவை.

அடுத்தது செலவு. தோட்டத்திலுள்ளோர் ஒரு நாட் சம்பளத்தை இழந்து, ஒருவேளை முந்திய மாலையே புறப்பட்டு வரவேண்டும். முதியவர்கள் பஸ் மாறி மாறி வருதல் கடினம். வாடகை வானுக்கும் அன்றைய உணவுக்கும் கப்பலில் வருபவரே பொறுப்பேற்பது முறை. அதனை வந்த இடத்தில் பேசிக் கூச்சப்படுத்தாமல் முன்கூட்டியே அனுப்பிவிடுதல் இன்னும் நன்று.

மூன்றாவது அபாயத்தைப் பலர் எண்ணுவதில்லை. காற்றோ கடலோ சரியில்லையெனில் கப்பலின் தலைவர் ஒரு துறையை விட்டுவிட்டு அடுத்த துறைக்குச் செல்லலாம். பயணச்சீட்டின் நிபந்தனைகளில் அவ்வுரிமை அவருக்கு உண்டு. கப்பற் பயணிக்கு அது ஒரு மாலை நேரத்து ஏமாற்றம். கதிர்காமத்து மரநிழலில் விடியற்காலை முதல் காத்திருக்கும் கிழவிக்கோ அது வேறு. நடுக்கடலில் கைத்தொலைபேசி இயங்குமென்று நம்புதற்கில்லை. எனவே புறப்படுமுன்பே கப்பல் முகவரின் எண்ணை உறவினருள் இளையவர் ஒருவரிடம் கொடுத்து, முந்திய மாலையும் அன்று காலையும் விசாரிக்கச் சொல்லுதல் வேண்டும். வராவிடினும் பூசை கண்டு திரும்பலாம் என்ற ஆறுதல் கதிர்காமத்துக்கு உண்டு. வெல்லவாயச் சந்தியிலே காத்திருப்போருக்கு அதுவும் இல்லை.

அன்றைய நேரத்தை இவ்வாறு வகுக்கலாம். எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தால், ஒன்பதுக்குப் பயணி வண்டியேறுவார். பத்தேகாலுக்குக் கதிர்காமம். பூசை முடிந்து, ஆற்றங்கரை மருதமரங்களின் கீழே உண்டு, பேச மூன்று மணி நேரம் உண்டு. பழைய புகைப்படங்களைக் கொண்டு வருபவர் அவற்றின் படிகளையும் எடுத்து வருக. பிரதியெடுக்கக் கடை தேடி ஓட அன்று நேரமிராது. தோட்டத்திலிருந்து வருவோர் ஊவாத் தேயிலை கொண்டுவருவர். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் வீசும் பருவத்திற் பறித்த கொழுந்தாயின் அதன் மணம் தனி. கட்டிய தேயிலைப் பொதிக்குக் கப்பலிற் பொதுவாகத் தடையில்லை. சமைத்த உணவையும் பழங்களையும் வாயிலிலே தடுப்பர். அவற்றை அங்கேயே உண்டு முடித்தல் நல்லது.

இரண்டரை மணிக்கு இரு வண்டிகளும் புறப்பட வேண்டும். கப்பலிற் செல்பவருக்கு வழித்தடைகளுக்கென ஒரு மணி கையிலிருக்கும். ஆனால் அந்த ஒரு மணியைப் பேச்சிலே கரைத்துவிடலாகாது. மறு வண்டிக்கும் காரணமுண்டு. கதிர்காமத்திலிருந்து புத்தல செல்லும் காட்டுப் பாதையிலே யானைகள் வண்டிகளை மறிக்கும். வெளிச்சமிருக்கும்போதே அதனைக் கடந்துவிடல் வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கப்பல் துறையை விட்டு நகரும் வேளையில் வான் பதுளையை நெருங்கியிருக்கும். அது மடுல்சீமைக்கு ஏறி முடிக்க இரவு ஏழரை மணியாகும். மறுநாட் காலையிற் பிரட்டுக்குச் செல்லவேண்டியவர்களை அதற்குமேல் தாமதிக்கச் செய்தல் முறையன்று.